எல்லாவற்றுக்கும் 777 வேண்டாம்

லினக்ஸில் கோப்பு திறக்காவிட்டால் 777 அனுமதி கொடுத்துவிடுங்கள் என்று கோப்பு அனுமதிகள் பற்றிய ஒரு கட்டுரை சொல்கிறது. அதை ஏற்க முடியவில்லை. உரிமையாளர், குழு, மற்றவர் என எல்லோரும் படிக்கலாம், எழுதலாம், இயக்கலாம் என்பதுதான் 777-இன் பொருள். கிளிநொச்சியில் பிள்ளைகளுக்குக் கணினி சொல்லிக்கொடுக்கிறேன். ஒரே கணினியைப் பலர் பாவிக்கும் இடத்தில் இந்தப் பழக்கம் கூடவே கூடாது. 640 போதுமென்றால் (உரிமையாளர் படிக்கலாம், எழுதலாம்; குழு படிக்க மட்டும்; மற்றவருக்கு எதுவும் இல்லை) 640 போடுங்கள்.

இங்கே விண்டோஸுக்கும் லினக்ஸுக்கும் இடையே கோப்புகள் பெரும்பாலும் பென்டிரைவில்தான் போய் வருகின்றன. அது எஃப்ஏடி32 அல்லது எக்ஸ்ஃபேட் என்ற கோப்பு முறைமையில் இருந்தால் லினக்ஸ் அனுமதிகளைச் சேமிக்க அதில் இடமே கிடையாது. அனுமதியை மாற்றும் சிஎச்மோட் கட்டளையைப் போட்டும் பயனில்லை. பல கோப்புகளை ஒன்றாக்கும் டார் கோப்பாகக் கட்டிக் கொண்டுபோங்கள், அனுமதிகள் அதற்குள்ளேயே இருக்கும்.

பைதான் என்ற நிரல்மொழியில் எழுதுபவர்களுக்கும் ஒன்று: விண்டோஸில் அதன் சிஎச்மோட் 'படிக்க மட்டும்' என்ற பண்பை மட்டுமே மாற்றும். யார் திறக்கலாம் என்பது விண்டோஸின் கோப்பு முறைமையான என்டிஎஃப்எஸ்ஸின் அனுமதிப் பட்டியலில் இருக்கிறது. அதை மாற்றுவது வேறு வேலை.

அப்புறம், வைரஸ் புகுந்த பென்டிரைவில் ஃபோல்டர்கள் காணாமல் போனால் தயவுசெய்து உடனே ஃபார்மட் செய்யாதீர்கள். பல வைரஸ்கள் அவற்றை அழிப்பதில்லை, மறைவு, சிஸ்டம் என்ற இரண்டு பண்புகளை ஏற்றிவிடுகின்றன. விண்டோஸில் கோப்பின் பண்புகளை மாற்றும் அட்ரிப் கட்டளையால் அந்தப் பண்புகளை நீக்கினால் பிள்ளையின் செயற்றிட்டம் முழுதாகத் திரும்பக் கிடைக்கும்.