பேர மட்டும் வச்சுத் தேடாதீங்க, கடையோட கவுண்டரையும் பாருங்க

வெளிநாட்டுப் பயணம் போனா நாலாவது நாள் எனக்கு ஒரு வியாதி வந்துரும். மெனு கார்டப் பார்த்தாலே எரிச்சலா இருக்கும். மூணு நாளா புரியாத பேரு, பக்கத்துல கட்டைவிரல் சைஸ்ல மங்கலா ஒரு போட்டோ, அதுல மேல கிடக்குறது காளானா கறியான்னு குழப்பம், சரி எதுவா இருந்தா என்னன்னு ஆர்டர் பண்ணிட்டு பாதி சாப்பிட்டு பாதிய ஒதுக்கி வச்சு எழுந்திரிச்சிருப்பேன். நாலாவது நாள் இந்த வீரம் எல்லாம் வடிஞ்சு போயிரும். அன்னைக்கு எனக்கு வேண்டியது ஒண்ணே ஒண்ணுதான். காய், கறி, நூடுல்ஸ் எல்லாம் பச்சையா கண்ணு முன்னாடி இருக்கணும், எனக்குப் புடிச்சத மட்டும் நானே கிண்ணத்துல அள்ளிப் போடணும், அத வாங்கி சூடா வதக்கிக் குடுக்க ஒரு ஆள் இருக்கணும், அவ்ளோதான்.

இத சொன்னா கூட வர்ற நண்பர்கள் சிரிக்கிறாங்க. "இவ்ளோ காசு செலவு பண்ணி வந்து இதையா தின்பே, அந்த ஊரு சாப்பாட்ட சாப்பிட வேண்டாமா"ன்னு ஒரு லெக்சர். ஏங்க, பாஷை தெரியாத ஊர்ல, மொழிபெயர்ப்பு ஆப் நாலு வார்த்தைய நாலு விதமா சொல்லிட்டு இருக்கும்போது, கை காட்டி சாப்பிட முடியற இடத்த விட மரியாதையான இடம் வேற என்ன இருக்கு? அதுவும் தனியா பயணம் பண்றவங்களுக்கு இது வரம்ங்க. நாலு பேரு பகிர்ந்து சாப்பிடுற அளவுல வர்ற தட்டு இல்ல, "ஒரே ஆளா?"ன்னு பாக்குற பார்வை இல்ல. ஒரு கிண்ணம், ஒரு ஆள், முடிஞ்சது கதை.

ஆனா இந்த மாதிரி கடையைக் கண்டுபிடிக்கறதுக்குள்ள தாவு தீந்துரும். மேப்புல "ஸ்டிர் ஃப்ரை"ன்னு போட்டீங்கன்னா அந்த ஊர்ல வாணலி வச்சிருக்கிற அத்தனை கடையும் வந்து நிக்கும். நானும் முதல்ல அப்படித்தான் அலைஞ்சேன், அப்புறம்தான் புரிஞ்சுது, இதே விஷயத்துக்கு ஒவ்வொரு நாட்டுலயும் ஒவ்வொரு பேரு. அமெரிக்கா, கனடா பக்கம் போனா மங்கோலியன் கிரில், இல்லன்னா மங்கோலியன் பார்பிக்யூ. பிலிப்பைன்ஸ் மால்கள்லயும் மங்கோலியன்தான். சிங்கப்பூர், மலேசியான்னா மாலா சியாங் குவோ, சுருக்கமா மாலான்னு சொன்னாலே போதும். நெதர்லாந்துல வோக் ரெஸ்டாரன்ட்னு தேடணும், வோக்னா சீன வாணலி. ஸ்பெயின்ல போர்டுல வெறும் வோக்னு போட்டிருப்பான், உள்ள போனா பெரிய பஃபே, ஒரு மூலையில பச்சையா எடுத்துட்டுப் போயி குடுத்தா வதக்கித் தர்ற இடம் தனியா இருக்கும். ஐரோப்பா நகரங்கள்ல நடுத்தெருவுல ஒரு சின்ன டப்பாவுல நூடுல்ஸ் போட்டுத் தர்ற கடைங்க இருக்கே, அதுவும் ஒரு வகையில இந்த ஜாதிதான். 2004ல ஆம்ஸ்டர்டாம்ல ஆரம்பிச்ச வோக் டு வாக் மாதிரி. அங்க நாமளே அள்ள முடியாது, நூடுல்ஸா சோறா, கூட என்னென்ன, எந்த சாஸ்னு சொல்லணும், ஆளு நம்ம எதிர்ல நின்னு நெருப்புல தூக்கிப் போட்டு எடுப்பான். அவசரத்துக்கு நல்லது. ஆனா அள்ளிப் போடுற சுகம் இல்ல, அதனால எனக்கு அது பாதி மார்க்தான்.

மங்கோலியன்னதும் ஒண்ணு சொல்லணும், சொல்லலன்னா தூக்கம் வராது. இதுக்கும் மங்கோலியாவுக்கும் ஸ்நானப்ராப்தி கூட கிடையாது. 1951ல தைவான்ல, தைபேல ஆரம்பிச்சது. ஆரம்பிச்சவர் வூ ஜாவ்நான், பெய்ஜிங்க்காரர், சீனாவுல நடந்த உள்நாட்டுப் போருக்குப் பின்னாடி தைவான் வந்தவர். ரெண்டு பேரு மேடையில நின்னு மாத்தி மாத்திப் பேசி சிரிக்க வைக்கிற கலை ஒண்ணு சீனாவுல உண்டு, அதுல பெரிய பேரு வாங்கினவர். கடைக்கு பெய்ஜிங் பார்பிக்யூன்னு பேர் வைக்கத்தான் ஆசைப்பட்டிருக்கார், ஆனா அப்போ பெய்ஜிங்னா கம்யூனிஸ்ட் சீனாவோட தலைநகரம், தைவான்ல உக்காந்துக்கிட்டு அந்தப் பேர போர்டுல எழுதுனா வம்பு. சரின்னு மங்கோலியன்னு வச்சுட்டார். அந்தப் பேரே கடல் தாண்டிப் போயிருச்சு. இன்னும் கூத்து என்னன்னா, 1992ல மிச்சிகன்ல ஆரம்பிச்ச ஒரு அமெரிக்க மங்கோலியன் கிரில் கம்பெனி 2005ல போயி மங்கோலியா தலைநகர் உலான்பாத்தர்லயே கிளை தொறந்துச்சு. மங்கோலியாக்காரங்களுக்கு மங்கோலியன் பார்பிக்யூவ அமெரிக்காக்காரன் அறிமுகப்படுத்தி வச்சான். அதனால "அசல் சாப்பாடு இல்லையே"ன்னு யாராவது மூக்க சுளிச்சா நான் இந்தக் கதைய எடுத்து விட்ருவேன், எந்த ஊரு அசல்னு கேக்குறீங்கன்னு.

சரி, கடைய கண்டுபிடிச்சாச்சு. அடுத்தது எப்படிக் காசு வாங்குறாங்கன்னு பாருங்க. என்னைக் கேட்டா ருசிய விட இதுதான் முக்கியம், ஏன்னா அத வச்சுத்தான் நம்ம தட்டுல என்ன விழும்ங்கிறதே முடிவாகுது.

கிண்ணத்துக்கு இவ்ளோன்னு வாங்குற கடையில மனுஷன் மனுஷனா இருக்க மாட்டான். ஒரே தடவைதான் எடுக்கலாம்னா அங்க நடக்குறது சமையல் இல்ல, கட்டடக் கலை. மெல்லிசா சீவி உறைய வச்ச கறிய அடியில போட்டு அமுக்கு, கேரட்டையும் வெங்காயத்தாளையும் ஓரத்துல செங்குத்தா நட்டு சுவர் எழுப்பு, உள்ள நூடுல்ஸ அடை, மேல கோபுரம் மாதிரி கீரை. நான் இதுல டாக்டரேட் வாங்குன ஆளு, ஒரு தடவ பக்கத்துல நின்ன ஒரு பாட்டி கைதட்டுனாங்க. ஆனா அப்படி மலையா குவிச்ச கிண்ணம் ஒரு தடவ கூட நல்லா வந்ததில்லங்க, சத்தியமா. காரணம் இருக்கு. மங்கோலியன் கடையில வதக்குற அந்த வட்ட இரும்புக் கல்லு இருக்கே, ரெண்டு ரெண்டரை மீட்டர் அகலம் வரைக்கும் வரும், சூடு 300 டிகிரி செல்சியஸ் வரைக்கும் போகும். அதுல பொருள் மெல்லிசா பரவி விழுந்தாதான் வதங்கும். நாம முளைக்கட்டுன பயறு, காளான், முட்டைக்கோஸ்னு தண்ணி விடுற ஐட்டமா ரொப்பிக் கொடுத்தா அந்த இடத்துல சூடு இறங்கி, வதங்க வேண்டியது வெந்து போயி, கொழகொழன்னு ஒரு குளம்தான் திரும்பி வரும். குறையா எடுத்தவன் தட்டு மணக்கும், பேராசைப்பட்டவன் தட்டுல சூப்பு.

சாஸ் மட்டும் இதுக்கு நேர் எதிர். அங்க கஞ்சத்தனம் பண்ணக் கூடாது. ஒரு கரண்டி ஊத்திட்டு போதும்னு வர்றவங்கதான் எல்லாரும், நானும் முதல் தடவ அப்படித்தான் வந்தேன். நூடுல்ஸ் பாதிய உறிஞ்சிரும், மீதி கல்லுல ஆவியா போயிரும், கடைசில சப்புனு ஒரு தட்டு கையில இருக்கும். சுவத்துல இத்தனை கரண்டி இது, இத்தனை கரண்டி அதுன்னு எழுதி மாட்டியிருந்தா அத நம்பி ஊத்துங்க. நாலஞ்சு கரண்டின்னு பார்த்ததும் அதிகமா தெரியும், ஆனா சரியாத்தான் இருக்கும்.

எவ்ளோ வேணாலும் சாப்பிடலாம்ங்கிற கடைங்க, நெதர்லாந்துல ஸ்பெயின்ல எல்லாம் நிறைய, அங்க கோபுரம் கட்டுற அவசியம் இல்ல. சின்னச் சின்னதா நாலு தட்டு, ஒண்ணு இஞ்சி பூண்டு, ஒண்ணு கருப்பு மிளகுன்னு மாத்தி மாத்திப் பார்க்கலாம். ஆனா வதக்குற இடத்துல க்யூ இருக்கும், தட்டுல டேபிள் நம்பர் கிளிப்ப மாட்டிட்டுப் போயி உக்காரச் சொல்லுவாங்க. நான் ஒரு தடவ கிளிப்ப மறந்துட்டேன். என் தட்டு அனாதையா ஆறிக்கிட்டு இருந்தத இருபது நிமிஷம் கழிச்சு நானே போயி அடையாளம் காட்டிக் கூட்டிட்டு வந்தேன்.

எனக்குப் புடிச்சது எடைக்குக் காசு வாங்குற மாலா கடைதான். பொய் இல்லாத வியாபாரம். கிண்ணத்தையும் இடுக்கியையும் எடுத்துட்டுப் போனா ஃப்ரிட்ஜ் தட்டுங்கள்ல தாமரைத் தண்டு, மரக்காளான், சோயா தோல், காடை முட்டை, இறால், மெல்லிசா சீவுன கறின்னு வரிசையா இருக்கும். எடுத்துக் குடுத்தா தராசுல வச்சு 100 கிராமுக்கு இவ்ளோன்னு கணக்கு, கறிக்கு ஒரு ரேட்டு காய்க்கு ஒரு ரேட்டுன்னு பல கடையில பிரிப்பாங்க. இங்க ஏமாந்து போறது கறியில இல்ல, கனமான காய்ல. உருளைக்கிழங்கு, சோளம், தாமரைத் தண்டு எல்லாம் கல்லு மாதிரி எடை நிக்கும். முதல் தடவ காய்தானேன்னு அள்ளிட்டு பில்லப் பார்த்து அசந்து போயி நின்னேன். மரக்காளான், கீரை, எனோக்கி காளான் எல்லாம் கிண்ணத்த ரொப்பும், தராசுல சத்தமே வராது.

அப்புறம் காரம் கேப்பாங்க. ஷியாவ் லான்னா கம்மி, ஜோங் லான்னா நடுத்தரம், டா லான்னா அதிகம். நாங்கள்லாம் பொறந்ததுலேர்ந்து மிளகாய் தின்னு வளர்ந்தவங்கன்னு நெஞ்ச நிமித்திக்கிட்டு டா லா சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது. ஏன்னா மாலாங்கிறதுல பாதிதான் காரம், 'மா'ங்கிறது மரத்துப் போறது. சிச்சுவான் மிளகுல இருக்கிற சான்ஷூல்ங்கிற பொருள் நாக்குல இருக்கிற தொடு நரம்பையே தூண்டிவிடுது, லண்டன்ல ஆராய்ச்சி பண்ணி 2013ல வெளியிட்டாங்க, உதட்டுல வர்ற அந்த விறுவிறுப்பு விநாடிக்கு 50 தடவ அதிர்ற மாதிரின்னு. அது மிளகாய்க்குப் பழகுன நாக்குக்கும் பழகாது, வேற கேஸு அது. அன்னைக்கு நான் தண்ணி குடிச்சா தண்ணியே புளிப்பும் உப்புமா ஒரு மாதிரி இருந்துச்சு, கடைக்காரம்மா சிரிச்சுக்கிட்டே சோறு கொஞ்சம் கூடப் போட்டுட்டுப் போனாங்க. முதல் தடவைக்கு ஷியாவ் லா போதும், மானம் ஒண்ணும் போகாது.

சைவம் சாப்பிடுறவங்க, அலர்ஜி இருக்கிறவங்க இந்த இடத்த மட்டும் ரெண்டு தடவ படிங்க. நாமளே காயா பொறுக்கிப் போட்டுட்டோம், அதனால சைவம்னு நினைக்காதீங்க. வட்டக் கல்லுல முன்னாடி ஆளோட இறால் போன அதே தடத்துலதான் உங்க காயும் போகும், அதனால தனி வாணலி இருக்கான்னு கேளுங்க, கேட்டா எடுத்துத் தர்ற கடைங்க உண்டு. சாஸ்ல சிப்பி சாஸ், மீன் சாஸ் கலந்திருக்கும். மாலா மசாலாவுல நிறைய பேரு மாட்டுக் கொழுப்பு சேர்ப்பாங்க, வாசனையே அதுலதான் வருதுன்னு சொல்றவங்க இருக்காங்க. இத அந்த ஊரு பாஷையில எழுதி போன்ல ஸ்க்ரீன்ஷாட்டா வச்சுக்குங்க, வாயால சொல்லி நடக்காது, நான் சொல்லிப் பார்த்து தோத்தவன்.

மேப்புல கடை பார்க்கும்போது மினுமினுன்னு எடுத்த தட்டு போட்டோவ ஒதுக்கிட்டு, சாப்பிட்டவங்க போட்ட போட்டோவுல கவுண்டர் தெரியுதான்னு பாருங்க. அடுக்கி வச்ச எவர்சில்வர் கிண்ணம், தொங்குற இடுக்கி, தராசு, இதுல ரெண்டு தெரிஞ்சா கெளம்பிருங்க. மதியம் கூட்டம் இருக்கிற நேரமா போங்க. மூணு நாலு மணிக்குப் போனா காயெல்லாம் ஓரம் காஞ்சு கிடக்கும். கறி இடுக்கிய காய்ல விட்டு எடுக்குற ஆளுங்க எல்லா நாட்டுலயும் இருக்காங்க, அதுக்கு மருந்து இல்ல, நான் கறித் தட்டுக்குப் பக்கத்துல இருக்கிற காய எடுக்குறதே இல்ல.

லெக்சர் குடுத்த நண்பர்கள்ல ஒருத்தன் போன வாரம் ஏதோ ஊர்லேர்ந்து ராத்திரி மெசேஜ் பண்ணியிருந்தான். ஒரு கிண்ணம் போட்டோ, அடியில கறி, சுத்தி கேரட் சுவரு, மேல கோபுரம். "சாஸ் எத்தன கரண்டி?"ன்னு மட்டும் கேட்டிருந்தான். பாதிய எடுத்துட்டு அஞ்சு ஊத்துடான்னு போட்டேன். ப்ளூ டிக் வந்துச்சு, பதில் வரல.