மலையில் பிசியோதெரபி உதவியாளர் எவ்வளவு சம்பளம் கேட்கலாம்?

"பத்து வருஷ அனுபவம் இருக்கு, எவ்வளவு கேட்கலாம்?" என்று கேட்கும் ஊட்டி, குன்னூர், கோத்தகிரி நண்பர்களே, வருஷக் கணக்கைச் சொல்லிப் பேரம் பேசாதீர்கள். பழைய சம்பளத்தோடு ஆயிரம் ரூபாய் கூட்டிப் பேச்சை முடித்துவிடுவார்கள்.

கையில் இருக்கும் வேலையைச் சொல்லிக் கேளுங்கள். பக்கவாதம் வந்தவரை இடுப்புப் பெல்ட் பிடித்துக் கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாற்றத் தெரியும். மூட்டு மாற்று அறுவை செய்த முழங்கால் எத்தனை டிகிரி மடங்குகிறது என்று அளந்து எழுதத் தெரியும். சர்க்கரை நோயாளிக்கு மெழுகு ஒத்தடம் வைக்கும் முன் தோலில் சூட்டு உணர்வு இருக்கிறதா என்று சோதிக்கத் தெரியும். நம்மூர்க் குளிரில் "இன்னும் சூடா வைங்க" என்பார்கள். உணர்வில்லாத காலில் அப்படி வைத்தால் கொப்புளம்தான். அறுவைக்குப் பின் கெண்டைக்கால் வீங்கி வலித்தால் உள்ளே ரத்தம் உறைந்திருக்கலாம். பயிற்சியை அங்கேயே நிறுத்தி மருத்துவரைக் கூப்பிடும் உதவியாளருக்குக் கூடுதல் சம்பளம் கொடுத்தே ஆக வேண்டும்.

ஆனால் "பிசியோதெரபிஸ்ட் லீவு, நீங்களே பார்த்துக்குங்க, சேர்த்துத் தர்றோம்" என்றால் ஒத்துக்கொள்ளாதீர்கள். சிகிச்சையை முடிவு செய்வது நம் வேலை இல்லை. தப்பு நடந்தால் மாட்டுவது நாம்.

நம்மவர்கள் அதிகம் ஏமாறுவது வீட்டு சிகிச்சையில். ஒரு வீட்டுக்கு 150 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். வேலை 45 நிமிடம். ஹட்டிக்கு, அதாவது மலைக் கிராமத்துக்கு, பஸ்ஸில் போக 50, வர 50. ஆக 145 நிமிடம், மணிக்கு 62 ரூபாய்தான் விழுகிறது. மே மாத சீசன் நெரிசலில் அதுவும் கிடைக்காது. மழையில் மண் சரிந்து பாதி வழியில் திரும்பினால் அன்றைக்குச் சுத்தமாக ஒன்றுமில்லை. பஸ் கட்டணம் தனி, பயண நேரத்துக்குத் தனித் தொகை, வழி அடைத்துத் திரும்பினால் பாதித் தொகை என்று சேரும் முன்பே பேசிவிடுங்கள்.

அடுத்தது பிடித்தம். படி எதுவும் இல்லாமல் மாதச் சம்பளம் 14,000 என்றால் பி.எஃப். (வருங்கால வைப்பு நிதி) 12% 1,680, இ.எஸ்.ஐ. (தொழிலாளர் காப்பீடு) 0.75% 105 போகக் கைக்கு வருவது 12,215. நிர்வாகம் தன் பங்காக 1,680-ம் 3.25% கணக்கில் 455-ம் கட்ட வேண்டும். அதையும் நம் சம்பளத்தில் பிடிக்கக் கூடாது. பொதுவாக 10 பேருக்குக் குறைந்தால் இ.எஸ்.ஐ. இல்லை, 20 பேருக்குக் குறைந்தால் பி.எஃப். இல்லை. மலையில் பல கிளினிக்குகள் ஐந்தாறு பேரோடு நடப்பவை. அங்கே நிர்வாகத்துக்கு மாதம் 2,135 ரூபாய் மிச்சம். அதைச் சம்பளத்தோடு சேர்த்துக் கேட்பது நியாயம்தான்.

அரசு ஊழியருக்கு இங்கே மலைப்படியும் குளிர்காலப் படியும் உண்டு. அதே குளிரில், அதே ஏற்றத்தில் நடக்கும் தனியார் உதவியாளருக்கு மட்டும் ஏன் இல்லை? நியமனக் கடிதத்தில் "மலைப்படி" என்று ஒரு வரி எழுதச் சொல்லுங்கள். தொகை சின்னதாக இருந்தாலும் பரவாயில்லை, அடுத்த வருஷம் அதை உயர்த்திக் கேட்கலாம்.