கோடையில் போய் ஸ்னோ எங்கே என்று கேட்டால்

அந்தக் காணொளியை இரண்டு நாட்களாக ஆள்மாறி ஆள் எனக்கு அனுப்புகிறீர்கள். பார்த்துவிட்டேன், போதும். ஆகஸ்ட் மாதம் சுவிட்சர்லாந்தின் மலையூரான செர்மாட்டில் நின்று "ஸ்னோ எங்கே? காசைப் பிடுங்கிவிட்டு ஏமாற்றுகிறார்கள்" என்று கத்துகிறார் அந்தத் தம்பி. கீழே வரிசையாகச் சிரிப்புக் குறிகள்.

தம்பி, ஊர் இருப்பது 1,600 மீட்டர் உயரத்தில். கோடையில் அங்கே புல் வளரும், ஆடு மேயும், ஆட்கள் மலை ஏறுவார்கள். பனி வேண்டுமென்றால் 3,883 மீட்டரில் இருக்கும் கிளைன் மேட்டர்ஹார்ன் என்ற உச்சிக்குப் போக வேண்டும். இதில் யார் யாரை ஏமாற்றினார்கள்?

"மேலேயும் போனேன், அழுக்குப் பனிக்கட்டிதான் கிடந்தது" என்கிறீர்கள். கிடந்திருக்கும். 2022 ஜூலை இறுதியில் வெப்பம் தாங்காமல் கோடைப் பனிச்சறுக்கையே அங்கே நிறுத்தினார்கள். அந்த ஒரே வருடத்தில் சுவிஸ் பனியாறுகளின் கனஅளவில் 6 சதவீதம் உருகிப்போனது. அடுத்த வருடம் இன்னும் 4. உருகிப்போவதைப் பார்த்துவிட்டு ஏமாற்று என்று சொல்ல எப்படி மனம் வந்தது?

நான் அந்த ஊரில் ஒரு ஹோட்டல் குசினியில் எட்டு வருடம் நின்றவன். முதலில் கோப்பை கழுவினேன், அப்புறம் சமையல். கூட நின்றவர்கள் போர்த்துக்கீசர். சமையலறைக்கு அவர்கள் வாயில் வருவதும் கிட்டத்தட்ட நம்முடைய அதே 'குசினி'தான்; பாஷை தெரியாத முதல் நாளில் எங்களைச் சேர்த்து வைத்தது அந்த ஒரு சொல். டிசம்பரிலிருந்து ஏப்ரல் வரை மூச்சுவிட நேரம் இராது. மே மாதம் கதவைப் பூட்டுவார்கள், சம்பளமும் நிற்கும். ஜூனில் திறந்ததும் மலையேறுகிறவர்களுக்கு விடியுமுன் சாப்பாடு. நவம்பர் இரவுகளில் சரிவில் பனி இயந்திரங்கள் இரையும். குளிர் நன்றாக இறங்கினால்தான் அவை பனியாகத் தூவும். அந்தக் குளிருக்கு நாங்களும் காத்திருப்போம். சரிவு திறந்தால்தான் எங்களுக்கு வேலை.

2018 ஜனவரியில் பனி கொட்டி வீதியும் ரயிலும் அடைபட்டு, சுமார் 13,000 பயணிகள் ஊருக்குள் சிக்கினார்கள். டிவியில் ஹெலிகாப்டரைக் காட்டினார்கள். கீழூரில் தங்கியிருந்த எங்கள் ஆட்கள் மேலே வர முடியவில்லை. இருந்த நாலு பேரும் இரவு பகலாகச் சமைத்தோம். அந்த வாரம்தான் என் மகனின் பிறந்தநாள். பேர்ணிலிருந்து போனில் அழுதான்.

மேலே போகிற டிக்கெட் விலை கொள்ளை என்பீர்கள். உண்மை, மிக அதிகம்தான். ஆனால் மேலே நிலைமை எப்படியென்று இணையக் கேமராவில் பார்த்துவிட்டே டிக்கெட் எடுக்கலாமே.

"வெள்ளைக்காரனுக்கு வால்பிடிக்கிறாய்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். நான் அந்த வேலையை விட்டே வருடங்களாகிவிட்டன. யாருக்கு வால்பிடித்து எனக்கு என்ன கிடைக்கப்போகிறது? அந்த எட்டு வருடத்தில் எத்தனை சொந்தக்காரர்கள் வந்தார்கள்! ஸ்னோவில் நின்று படம் எடுத்தார்கள். நான் நின்ற குசினியைப் பார்க்க வேண்டும் என்று ஒருவர்கூடக் கேட்டதில்லை.

போன கோடையில் மகனைச் செர்மாட்டுக்கு மேலே உள்ள கோர்னெர்கிராட் மலைமுகட்டுக்குக் கூட்டிப்போனேன். கீழே பனியாற்றின் ஓரம் தெரிந்த சாம்பல் நிறக் கல்லைக் காட்டி, "அப்பா வந்த புதிதில் அதுவும் பனிக்குள்தான் இருந்தது" என்றேன். அவன் அந்தக் கல்லையே வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றான். அப்படி ஒரு கல்லைக் காட்டித்தான் நீங்கள் சிரிக்கிறீர்கள், தம்பி.