25 வயதோடு நின்றுவிடுவதில்லை

"மூளையின் இணைப்புகள் 25 வயதில் இறுகிவிடும், அப்புறம் தேய்மானம்தான்" என்று உங்கள் கட்டுரையில் எழுதியிருப்பதை ஏற்க முடியவில்லை. சிறுவயதில் தேவைக்கு அதிகமாக இணைப்புகள் உருவாகி, பயன்படாதவை பிறகு கழிகின்றன; மூளையின் முன்பகுதி பக்குவப்பட இருபதுகளின் நடுப்பகுதி ஆகிறது. அதுவரை சரி. ஆனால் லண்டன் மூளை ஆய்வாளர் எலினர் மெக்வயர் குழு 2011-இல் வெளியிட்ட ஆய்வைப் பாருங்கள். லண்டன் தெருக்களை மனப்பாடம் செய்து டாக்ஸி ஓட்டுநர் தேர்வில் தேறியவர்களுக்கு, நினைவுக்கும் வழியறியவும் உதவும் மூளைப் பகுதியான ஹிப்போகாம்பஸின் பின்பகுதி வளர்ந்திருந்தது, தேறாதவர்களுக்கு இல்லை. அவர்களின் சராசரி வயது 30-க்கு மேல்!

இங்கே மும்பை செம்பூரில் என் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து வலது கை விழுந்துவிட்டது. பிசியோதெரபிஸ்ட் சொன்னபடி தட்டில் கொண்டைக்கடலையைப் பரப்பி, ஒவ்வொன்றாக எடுத்து டம்ளரில் போட வைத்தோம். முதலில் விரல் மடங்கவே இல்லை. கடலை உருண்டு ஓடும், அவருக்குக் கண் கலங்கிவிடும். இப்போது சட்டைப் பொத்தானை அவரே போடுகிறார். மூளையில் சேதமான இடத்தைச் சுற்றியுள்ள பகுதிகள் அந்த வேலையை ஏற்றுக்கொள்கின்றன. திரும்பத் திரும்பச் செய்வது அதற்கு மிகவும் உதவுகிறது. முதல் சில மாதங்கள் மிக முக்கியம். உங்கள் வரியைப் படித்துவிட்டு எந்த வீட்டிலும் பயிற்சியை நிறுத்திவிடக் கூடாது. தயவுசெய்து அதைத் திருத்துங்கள்.