காதைத் தீட்டிக்கொண்டு பார்க்க வேண்டிய படம்

ஆல்ஃபிரட் ஹிட்ச்காக் இயக்கி 1963இல் வெளிவந்த ‘தி பேர்ட்ஸ்’ திரைப்படத்தை இந்த வாரம் மூன்றாம் முறையாகப் பார்த்தேன். சிறு வயதில் முதன்முதலாகப் பார்த்தபோது, பறவைகள் எப்போது தாக்கும் என்று காத்துக் காத்துச் சலித்துப்போனது நினைவிருக்கிறது. இம்முறை ஒலியை மட்டும் உன்னிப்பாகக் கேட்பது என்று முடிவு செய்துகொண்டு அமர்ந்தேன். இத்தனை காலம் இந்தப் படத்தில் பாதியைத்தான் பார்த்திருக்கிறேன் என்பது அப்போதுதான் புரிந்தது.

இந்தப் படத்துக்குப் பின்னணி இசையே கிடையாது. ஹிட்ச்காக்கின் முந்தைய படமான ‘சைக்கோ’வுக்கு வயலின்களால் திகிலூட்டிய இசையமைப்பாளர் பெர்னார்ட் ஹெர்மன் இதில் ஒலி ஆலோசகராக மட்டுமே பணியாற்றினார். ஓஸ்கர் சாலா, ரெமி காஸ்மன் ஆகிய இருவரும் டிரவுட்டோனியம் என்னும் மின்னணுக் கருவியில் உருவாக்கிய கீச்சொலிகளும் சிறகடிப்பும்தான் படம் நெடுகிலும் ஒலிக்கின்றன. திகில் படங்களில் இசை நமக்கு ஒரு துணை. ஆபத்து நெருங்குவதை முன்கூட்டியே சொல்லி நம்மைத் தயார்ப்படுத்திவிடும். அந்தத் துணையை ஹிட்ச்காக் பறித்துக்கொண்டதால், படகில் வரும் கதாநாயகி மெலனியின் தலையில் முதல் கடற்காகம் கொத்தும்போது அவளைப் போலவே நாமும் எதிர்பாராமல் அகப்பட்டுக்கொள்கிறோம்.

பள்ளிக்கூடக் காட்சியைப் பலரும் புகழ்ந்திருக்கிறார்கள். உள்ளே குழந்தைகள் முடிவில்லாமல் சுழலும் ஒரு பாட்டைப் பாடிக்கொண்டிருக்க, வெளியே பெஞ்சில் மெலனி புகைத்தபடி அமர்ந்திருக்க, அவளுக்குப் பின்னால் விளையாட்டுக் கம்பிகளில் காகங்கள் ஒவ்வொன்றாக வந்து அமர்கின்றன. பாட்டு நீள நீள நமக்குப் பதற்றம் ஏறுகிறது. பறந்துபோகும் ஒரு காகத்தை அவள் கண்கள் தொடர்ந்து சென்று திரும்பும்போது, கம்பிகள் முழுக்கக் காகங்களாக இருக்கின்றன. அவை கரைவதுகூட இல்லை.

எனக்கு அதைவிடப் பெரிதாகத் தோன்றுவது கதாநாயகனின் தாய் லிடியாவின் காட்சி. பக்கத்துப் பண்ணைக்காரரைத் தேடிப் போகும் அவள், சமையலறைக் கொக்கிகளில் உடைந்த கோப்பைகளின் கைப்பிடிகள் மட்டும் தொங்குவதைப் பார்க்கிறாள்; பிறகு அவரது உடலை, கண்களிருந்த இடத்தைப் பார்க்கிறாள். வெளியே ஓடிவந்து வாயைத் திறக்கிறாள், குரல் வரவில்லை. லிடியாவாக வரும் ஜெசிகா டாண்டி அங்கே நடித்துக் காட்டிய அந்த ஊமை அலறலுக்கு ஈடாக வேறொன்றை நான் திரையில் கண்டதில்லை.

லிடியாவின் வீட்டைப் பறவைகள் முற்றுகையிடும் இரவிலும் பெரும்பாலும் ஒலி மட்டுமே தாக்குகிறது. கண்ணுக்குத் தெரியாத எதிரியை அஞ்சி நடிகர்கள் சுவரோடு ஒடுங்குகிறார்கள். அவர்களுக்கு உதவியாக, படப்பிடிப்புத் தளத்தில் முரசை முழக்கி ஒலிபெருக்கியில் கேட்கச் செய்ததாக ஹிட்ச்காக்கே கூறியிருக்கிறார்.

பறவைகள் ஏன் தாக்குகின்றன என்று சொல்லாததைக் குறையாகக் கருதுவோர் உண்டு. 1961 ஆகஸ்டில் கலிபோர்னியாவின் காப்பிடோலா பகுதியில் கடற்பறவைகள் கூட்டங்கூட்டமாக வீடுகளில் வந்து மோதி விழுந்தன. ஹிட்ச்காக் அந்தச் செய்தியை அறிந்திருந்தார். நச்சுப்பாசி உண்டாக்கிய நஞ்சே அதற்குக் காரணமாக இருக்கலாம் என்று பல ஆண்டுகளுக்குப் பிறகு ஆய்வாளர்கள் கண்டறிந்தார்கள். படத்துக்குள் அப்படியொரு விளக்கம் இருந்திருந்தால், ஆபத்துக்கு ஒரு பெயர் கிடைத்திருக்கும், நமக்கும் நிம்மதி கிடைத்திருக்கும். அந்த நிம்மதியைத் தர மறுத்ததைத்தான் நான் இந்தப் படத்தின் நேர்மை என்பேன். உணவகத்தில் பறவையியல் அறிந்த மூதாட்டி இது நடக்கவே முடியாது என்று வாதிடுகிறார். சற்று நேரத்தில் அவரும் வாயடைத்து அமர்ந்திருக்கிறார்.

மெலனியைப் பறவைகள் கூட்டமாகத் தாக்கும் மாடியறைக் காட்சியை மட்டும் என்னால் மனம் கோணாமல் பாராட்ட முடியவில்லை. அதற்காகப் பல நாட்கள் உயிருள்ள பறவைகளை மெலனியாக நடித்த டிப்பி ஹெட்ரன் மீது வீசினார்கள். ஒரு பறவை அவர் கண்ணருகே காயப்படுத்தியது. அந்தக் காட்சியில் நாம் காணும் களைப்பு நடிப்பாக மட்டும் இருக்க முடியாது. கலையின் பெயரால் அதை நியாயப்படுத்த நான் விரும்பவில்லை.

இறுதியில் விடியலின் மங்கிய வெளிச்சத்தில், எங்கும் நிறைந்து முணுமுணுக்கும் பறவைகளுக்கு நடுவே, லிடியாவின் குடும்பம் மெலனியோடு அடிமேல் அடி வைத்துக் காரில் ஏறுகிறது. சிறுமி கேத்தி தன் கூண்டுக் காதற்பறவைகளையும் எடுத்துக்கொள்ளலாமா, அவை யாரையும் துன்புறுத்தவில்லையே என்று கேட்கிறாள். எடுத்துக்கொள்ளச் சொல்கிறார்கள். கார் மெல்ல நகர்ந்து செல்கிறது. ‘முற்றும்’ என்ற எழுத்து வருவதில்லை.