பொழிப்புரையைக் கொஞ்சம் ஒளித்துவையுங்கள்

1939-இல் சா. கணேசன் தொடங்கிய கம்பன் கழகம் எங்கள் காரைக்குடியில்தான் இருக்கிறது. பங்குனி அத்த நட்சத்திரத்தன்று நாட்டரசன்கோட்டையில் கம்பர் சமாதிக்கே போய்க் கம்பன் விழாவை நிறைவு செய்கிறோம். இந்த மண்ணிலும் பிள்ளைகளுக்குச் செய்யுள் என்றால் 'அடிமாறாமல் எழுதுக' என்ற கேள்விதான் ஞாபகம் வருகிறது.

மனப்பாடத்தை நான் குறை சொல்லமாட்டேன். மனத்தில் ஏறிய பாட்டு எங்கேயும் போகாது. என் கோபமெல்லாம் பொழிப்புரை மேல். பாட்டை ஒரு தரம் வாய்விட்டுப் படிப்பதற்குள் பொருளை எழுதிப்போட்டுவிடுகிறோம். அப்புறம் பிள்ளைக்குக் கேட்பதற்கு என்ன மிச்சம் இருக்கிறது?

விடுமுறையில் எங்கள் வீட்டுப் பட்டாலையில் அக்கம்பக்கத்துப் பிள்ளைகளை உட்காரவைத்துப் புறநானூற்று 109-ஆம் பாட்டைப் படித்தேன். பாரியின் பறம்பை மூவேந்தரும் முற்றுகையிட்டிருக்கிறார்கள். உழவர் உழாமலே விளைவன நான்கு அங்கே உண்டு என்கிறார் பாரியின் நண்பரான புலவர் கபிலர்: மூங்கில் நெல், பலாப்பழம், வள்ளிக்கிழங்கு, தேன். பறம்பு என்பது சிங்கம்புணரிப் பக்கத்துப் பிரான்மலைதான் என்றதும் பிள்ளைகள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். அவர்கள் பஸ்ஸில் போகும்போது பார்த்த மலை!

வாளால் இந்த மலையை வெல்ல முடியாது. யாழ் மீட்டிப் பாடி ஆடி வந்தால் பாரி நாட்டையும் குன்றையும் சேர்த்தே கொடுத்துவிடுவான் என்று பாட்டு முடிகிறது. ஒரு பையன் கையைத் தூக்கினான். "அத்தை, அப்படியென்றால் கபிலரே எதிரிக்கு வழி சொல்லிக்கொடுத்துவிட்டாரே?"

இல்லை, அது கேலி என்றாள் ஒருத்தி. வேந்தர் பாணர் வேடம் போடுவாரா, மானம் விடுமா என்றான் இன்னொருவன். பலகாரத் தட்டு வந்தும் சண்டை ஓயவில்லை. (சீப்புச் சீடை நமுத்ததுதான் மிச்சம்.) நானாகப் பொருள் சொல்லியிருந்தால் இந்தக் கேள்வி பிறந்தே இருக்காது. பதிலை நான் இன்னும் சொல்லவில்லை, சொல்வதாகவும் இல்லை.

எளிமையாகக் கதையாக எழுதிக் கொடுக்கலாமே என்பவர்களுக்கு ஒன்று. கதை கதைதான், கொடுங்கள். ஆனால் 'அற்றைத் திங்கள் அவ்வெண் ணிலவின்' என்று பாரி மகளிர் பாடும்போது வரும் அந்த ஓசையை எந்தக் கதையில் வைப்பீர்கள்? ஐந்தே அடி. அடுத்த வாரம் அதைத்தான் படிக்கப்போகிறோம்.

இது பரீட்சைக்கு வருமா என்று வாசலில் நின்று விசாரிக்கும் அப்பாக்களுக்கு: வராது. பிள்ளையை மட்டும் அனுப்பிவிட்டு நீங்கள் கிளம்பலாம்.