கமல் படங்களுக்கு முன்பே இருந்த குழு

"கிரேஸி மோகனுக்குக் கமல் படங்களில் பேர் கிடைத்த பிறகு, அதை வைத்துத் தொடங்கியதுதான் கிரேஸி கிரியேஷன்ஸ்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். இது தலைகீழ். மோகனின் இந்த நாடகக் குழு தொடங்கியது 1979-ல், அவர் வசனம் எழுதிய கமல் படமான அபூர்வ சகோதரர்கள் வந்தது 1989-ல். நடுவில் முழுசாகப் பத்து வருஷம் இருக்கிறது.

அதற்கும் முன்னால், 1976-ல், எஸ்.வி.சேகரின் நாடகப்பிரியா குழுவுக்கு அவர் எழுதிய 'கிரேஸி தீவ்ஸ் இன் பாலவாக்கம்' நன்றாக ஓடித்தான் பெயருக்கு முன்னால் 'கிரேஸி' ஒட்டிக்கொண்டது. அப்புறம் தம்பி மாது பாலாஜியோடு சொந்தக் குழு. 'மேரேஜ் மேட் இன் சலூன்' நாடகத்தைத்தான் பாலசந்தர் 1983-ல் 'பொய்க்கால் குதிரை' என்று படமாக எடுத்தார். சினிமாதான் நாடகத்தைத் தேடி வந்தது, சரியா?

சினிமாப் புகழ் பிறகு கூட்டம் சேர்த்தது, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் இந்த மாதிரிக் குழுக்களைத் தாங்கியது சென்னை சபாக்கள். உறுப்பினர் சந்தாவில் ஓடும் சபா ஒரு தொகை பேசி நாடகத்தைப் போடும், பிடித்திருந்தால் அடுத்த சபாவும் கூப்பிடும், நடிப்பவர்களில் பலர் பகலில் ஆபீஸ் போய்விட்டு சாயங்காலம் மேக்கப் போடுகிறவர்கள் என்பதால் செலவும் கட்டுக்குள் இருக்கும். மோகனே இன்ஜினியர், சுந்தரம் கிளேட்டனில் வேலை பார்த்தவர். அந்த உழைப்பை ஒரு நடிகரின் தயவு என்று சுருக்குவது பெரிய அநியாயம். 2019-ல் மோகன் இறந்த பிறகும் பாலாஜி அந்த நாடகங்களை மேடையேற்றுகிறார், போய்ப் பாருங்கள்.